கருப்பையில் சீழ் கட்டிய பூனை: அவசர அறுவைக்குப் பிந்தைய நாட்கள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நான்கு வயதுப் பெண் பூனை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது, கருத்தடை செய்யப்படாதது. வீட்டில் ஒரு பெண்ணும் அவருடைய அம்மாவும், கூடவே இன்னொரு இளம் பெண் பூனையும் இருந்தார்கள். கைவிடப்பட்ட பூனைகளைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கம் என்பதால், அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பூனையைத் தேற்ற என்னையும் கூப்பிட்டார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். மருந்துகளின் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அளவைச் சொல்லவில்லை. அளவு ஒவ்வொரு பூனைக்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கருப்பைச் சீழ் நோயை மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள். அறுவையோடு பிழைப்பு முடிவாகிவிடுகிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். இந்தப் பூனையின் விஷயத்தில் கத்தி வேலை சிக்கல் இல்லாமல் முடிந்தது. இழுபறி எல்லாம் அதற்கப்புறம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் நடந்தது. அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

நோய்க்கு முந்தைய விவரம் ஒன்று முக்கியம். பூனை ஹீட்டுக்கு (இணை தேடும் பருவத்துக்கு) வரும்போது இரவெல்லாம் கத்துகிறது என்று, தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஹீட்டை நிறுத்தும் மாத்திரையை அவ்வப்போது கொடுத்து வந்தார்கள். இவ்வகை மாத்திரைகளில் இருப்பது புரொஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன். அது கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும்; சுரப்பு உள்ளே தேங்கும்; தசை சுருங்கி அதை வெளியேற்றுவது குறையும்; அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பும் தளரும். குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை போன்ற கிருமி அப்போது மேலே ஏறினால், வளர்வதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. மாத்திரை தராத பூனைக்கும் ஹீட் முடிந்து சில வாரங்களில் இது வரலாம். மாத்திரையோ ஊசியோ போட்டால் அபாயம் கூடுகிறது.

முதலில் தெரிந்தவை

கடைசி ஹீட் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. பூனை விளையாடுவதைக் குறைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுக்க ஆரம்பித்தது. பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தது. ஒருமுறை வாந்தி எடுத்தது. வயிறு சற்றுப் பெரிதாகத் தெரிந்ததால், "குண்டாயிட்டு வருது" என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். முதுகைத் தடவினால் எலும்பு முன்பைவிடத் துருத்திக்கொண்டு இருந்தது என்று பிறகு யோசித்துச் சொன்னார் அம்மா. வயிறு பெருத்து முதுகு இளைத்தால் அது சதை போட்டதாகாது.

பின்பக்கத்தில் கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. கருப்பையின் வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராது. திறந்திருந்தாலும் பூனை நக்கிச் சுத்தம் செய்துவிடும். இந்த வீட்டில் கிடைத்த ஒரே தடயம், படுக்கைத் துணியில் காய்ந்துபோன பழுப்பு நிறப் பொட்டு ஒன்று. அதைப் பார்த்த காலையில் பூனை தண்ணீரையும் தொடவில்லை. மகள் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அவசரம்தான் பூனையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில்

உடல் வெப்பம் 37.1 டிகிரி செல்சியஸ். பூனைக்கு 38 முதல் 39 டிகிரி வரை இருப்பது இயல்பு. "காய்ச்சல் இல்லையே டாக்டர், அப்படின்னா பெரிசா ஒண்ணும் இல்லைதானே?" என்று மகள் கேட்டிருக்கிறார். நிலைமை நேர் மாறு. கிருமித் தொற்று ரத்தம் வரைக்கும் பரவும்போது பூனைக்கு உடம்பு சுடுவதைவிடக் குளிர்ந்துபோவதுதான் அதிகம் பயப்பட வேண்டிய அறிகுறி. ஈறுகள் வெளிறியிருந்தன. ஸ்கேனில் கருப்பையின் இரண்டு கிளைகளும் திரவம் நிரம்பிய குழாய்களாகத் தெரிந்தன. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிக அதிகம். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருந்தது.

மருந்தாலேயே கருப்பையைக் காலி செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும், உடல்நிலை நன்றாக இருக்கும், கருப்பை வாய் திறந்திருக்கும் பூனைகளுக்கு மட்டும் அதை யோசிப்பார்கள். திரும்ப வரும் வாய்ப்பும் இருக்கிறது. இந்தப் பூனைக்கு எந்த வகையிலும் அது பொருந்தவில்லை. கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது என்று முடிவானது.

ஆனால் நேராக மேசைக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் நரம்பு வழியாக டிரிப்ஸ், ஆண்டிபயாடிக், வலி மருந்து கொடுத்து, உடம்பைச் சூடுபடுத்தினார்கள். ரத்த அழுத்தமும் வெப்பமும் ஓரளவு மேலே வந்த பிறகு, அன்று மாலையே அறுவை. இந்தச் சில மணி நேரத் தாமதம் மகளைத் தவிக்க வைத்தது. குளிர்ந்து, நீர் வற்றிக் கிடக்கும் பூனைக்கு மயக்க மருந்தே பெரிய ஆபத்து. அதே சமயம் நாள்கணக்கில் தள்ளிப்போட்டால் கருப்பை கிழிந்து சீழ் வயிற்றுக்குள் கொட்டலாம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காத்திருக்கலாம் என்பது மருத்துவரின் கணக்கு. இங்கே அது சரியாக அமைந்தது. கருப்பை கிழியாமல் முழுசாக வந்தது. சீழிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது 3.6 கிலோ, திரும்பும்போது 3.2 கிலோ. எடை குறைந்துவிட்டதே என்று அம்மா அழுதார். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி எடுத்துப்போட்ட கருப்பையும் அதிலிருந்த சீழும்தான். இனி எடையை ஒப்பிட வேண்டியது இந்த 3.2-உடன் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். சின்ன வேலைதான், ஆனால் அடுத்த சில நாட்களின் முடிவுகள் எல்லாம் அந்த எண்ணை வைத்தே எடுக்கப்பட்டன.

முதல் இரவு

தாவி ஏற உயரமான பொருள் எதுவும் இல்லாத சின்ன அறையைத் தயார் செய்தோம். பக்கச்சுவர் தாழ்ந்த மணல் தட்டு வைத்து, மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போட்டோம். பொடி மணல் தையலில் ஒட்டும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் திறந்தபடி. இதை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். ஒளிய இடம் கிடைக்காத பூனை இன்னும் பதறுகிறது, கைக்கு எட்டாத மூலையைத் தேடிப் போகிறது. நாம் கொடுக்கும் பெட்டி என்றால் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

வலிக்குப் புப்ரினார்ஃபின் கொடுத்திருந்தார்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டால் போதும், அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கொடுத்த பிறகு கண்மணிகள் அகல விரிந்தன, பூனை துணியைக் கால்களால் பிசைந்தது, கர்கர் என்று ஓசை எழுப்பியது. மகளுக்குப் பெரிய நிம்மதி. இது அந்த மருந்தின் வழக்கமான விளைவுதான். ஆனால் கர்கர் சத்தத்தை மட்டும் வைத்து வலி இல்லை என்று சொல்ல முடியாது. வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் செய்யும். முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை விறைத்து முன்னோக்கி நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. இந்த ஐந்தையும் 0, 1, 2 என்று மதிப்பிடும் முறை 2019-இல் ஆய்விதழில் வெளியானது. மொத்தம் 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து பற்றி யோசிக்க வேண்டும். அன்று இரவு மதிப்பெண் 2-ஐத் தாண்டவில்லை.

நடுராத்திரியில் அம்மா ஒரு பாட்டிலோடு வந்தார். "பாப்பாவுக்கு உடம்பு லேசா சுடுதும்மா, குழந்தைங்களுக்குக் குடுக்கிற காய்ச்சல் மருந்து, ரெண்டு சொட்டு விடட்டுமா?" அது பாராசிட்டமால். மனிதர்களின் கல்லீரல் அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வழி பூனைக்கு மிகக் குறைவு. தேங்கும் நச்சு சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். பாட்டிலை வாங்கி வேறு அறையில் வைத்தோம். வெப்பமானியில் 38.6 இருந்தது. முதல் நாள் குளிர்ந்து கிடந்த பூனையைத் தொட்டுப் பழகிய கைக்கு இயல்பான சூடே காய்ச்சலாகத் தெரிந்திருக்கிறது. அம்மாவைக் கடிந்துகொள்ள எதுவும் இல்லை; அந்த நேரத்தில் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சாப்பிட மறுத்த நாட்கள்

மறுநாள் காலை எல்லாருடைய கவனமும் தையல் மேல் இருந்தது. தையல் அழகாக இருந்தது. தட்டு மட்டும் தொடப்படாமல் இருந்தது.

பூனையின் பட்டினியை நாயின் பட்டினியோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்க வைக்கும். குண்டான பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நோய் தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் இந்தப் பூனை ஏற்கெனவே அந்த எல்லைக்கு அருகில் இருந்தது. 3.2 கிலோ பூனை அசையாமல் கிடந்தாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 165 கிலோ கலோரி வேண்டும். சாப்பிட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மகள் ஈர உணவைக் கரைத்து சிரிஞ்சில் ஏற்றி வாயில் விட்டுப் பார்த்தார். நுரை தள்ளியது, பாதி வெளியே வந்தது, அப்புறம் சிரிஞ்சைக் கண்டாலே பெட்டிக்குள் பின்வாங்கியது. நிறுத்தச் சொன்னேன். போனில் கேட்டபோது மருத்துவரும் அதையே சொன்னார். குமட்டலோடு இருக்கும்போது திணிக்கப்படும் உணவைப் பூனை மறக்காது. தேறிய பிறகும் அந்த உணவை வெறுக்கும். மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா.

சரி, அது ஏன் சாப்பிடவில்லை? கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்தோம். மிதமாகச் சூடாக்கிய உணவைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். பூனை எழுந்து வந்தது. முகர்ந்தது. உதட்டை நக்கியது, எச்சிலை விழுங்கியது, மறுபடி நக்கியது. தலையைத் திருப்பிக்கொண்டு, தட்டைச் சுற்றித் தரையை முன்காலால் பிறாண்டியது, எதையோ மூடப் பார்ப்பதுபோல. பிறகு போய்ப் படுத்துக்கொண்டது. பசி இல்லாத பூனை தட்டுக்கே வராது. இது வந்தது, வாசனை பட்டதும் வயிறு புரட்டியது. முக மதிப்பெண் இன்னும் 2-தான், ஆகவே வலியைவிடக் குமட்டலின் மேல்தான் சந்தேகம் போனது. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆண்டிபயாடிக்கை வெறும் வயிற்றில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுவே வயிற்றைப் புரட்டக்கூடியது.

இந்த முழு நடத்தையையும் மகள் போனில் வீடியோ எடுத்திருந்தார். "சாப்பிட மாட்டேங்குது" என்று சொல்வதைவிட அந்த வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொன்னது. அன்று மாலையே வரச் சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேனில் உள்ளே திரவம் சேரவில்லை என்று உறுதி செய்தார். குமட்டலைத் தடுக்க மாரோபிடன்ட் ஊசி போட்டார். பசியைத் தூண்ட மிர்டாசபின் களிம்பு, காது மடலின் உட்புறத்தில் தடவ, கையுறை போட்டுக்கொண்டு. கிருமிச் சோதனை முடிவு வந்திருந்தது: ஈ.கோலை, அதே ஆண்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுகிறது. அதனால் மருந்தை மாற்றாமல் நேரத்தை மாற்றினார்: குமட்டல் மருந்து முதலில், கொஞ்சம் உணவு, பிறகு ஆண்டிபயாடிக். மாத்திரையை விழுங்க வைத்ததும் சிரிஞ்சில் சில மில்லி தண்ணீர். வறண்ட மாத்திரை உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

இன்னொரு விஷயத்தையும் அவர் அங்கேயே பேசி முடித்தார். மறுநாள் மாலைக்குள் தேவையில் பாதியாவது சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவது. மகள் தயங்கினார். "இன்னும் எத்தனை கஷ்டத்தைத்தான் அது தாங்கும்?" என்று கேட்டார். குழாயைக் கடைசிக் கட்டம் என்று நினைக்க வேண்டாம், தினமும் மல்லுக்கட்டி வாயைத் திறப்பதைவிடப் பூனைக்கு அது இலகு என்று மருத்துவர் விளக்கினார். கெடு வைத்தது நல்லது. இல்லாவிட்டால் "இன்னிக்கு ஒரு வாய் சாப்பிட்டுச்சு" என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளியிருப்போம்.

அன்று இரவு பூனை தட்டில் குழம்பு மாதிரி இருந்த பகுதியை மட்டும் நக்கியது. விடியற்காலையில் சத்தமாகக் கத்திக்கொண்டு அறைக் கதவைச் சுற்றியது. மிர்டாசபினுக்குச் சில பூனைகள் அப்படிக் கத்தும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. தட்டை வைத்தோம், முகர்ந்து, உட்கார்ந்து, சாப்பிட்டது. கெடுவுக்கு முன்பே பாதியைத் தாண்டியது. குழாய் தேவைப்படவில்லை.

தையல், காலர், மற்ற பூனை

காயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினமும் காலை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தோம். தையலுக்கு அடியில் கயிறுபோல ஒரு மேடு தெரிந்தது; உள்தையலைச் சுற்றி உடம்பு காட்டும் எதிர்வினை, கசிவோ சூடோ இல்லாதவரை விடலாம் என்றார் மருத்துவர். சில வாரங்களில் அது கரைந்தது. காயத்தில் ஸ்பிரிட், களிம்பு எதுவும் போடவில்லை, நனைக்கவில்லை.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் போட்ட கூம்புக் காலர் தட்டில் இடித்து மீசையை மடக்கியது. உடம்போடு ஒட்டும் துணிச்சட்டை போட்டுப் பார்த்தோம். போட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து அசைய மறுத்தது. நடக்கவும் மணல் தட்டுக்குப் போகவும் மறுக்கும் பூனைக்குச் சட்டை உதவாது. மென்மையான துணிக் காலருக்கு மாறி, சாப்பிடும்போது மட்டும் அதைக் கழற்றி, முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்தோம். மலம் வரச் சில நாட்கள் ஆனது. சாப்பிடாத வயிற்றில் எதுவும் இல்லை. சிறுநீர் முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் போனதை ஈரக் காகிதத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.

எதிர்பாராத சங்கடம் இளம் பூனையிடமிருந்து வந்தது. கதவு திறந்த ஒரு கணத்தில் உள்ளே வந்து, கூடவே படுத்துத் தூங்கி வளர்ந்த இவளைப் பார்த்துச் சீறி, முடி சிலிர்த்துப் பாய்ந்தது. மருத்துவமனை வாசனையோடு திரும்பும் பூனையை வீட்டுப் பூனை வேற்றாளாகப் பார்ப்பது சகஜம். தையல் பிரியும் அளவுக்குச் சண்டை வராமல் கதவை மூடினோம். அதன் பிறகு இரண்டின் படுக்கைத் துணிகளையும் மாற்றி மாற்றிப் போட்டோம், மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்தோம். தையல் பிரிக்கும் வரை நேரில் விடவில்லை.

முடிவு

வழக்கமான 10 முதல் 14 நாள் இடைவெளிக்குள் தையல் பிரிக்கப்பட்டது. வெள்ளணுக்கள் இயல்பு நிலைக்கு இறங்கியிருந்தன. கிரியாட்டினினும் குறைந்து சரியான எல்லைக்குள் வந்திருந்தது. எடை 3.3 கிலோ. ஆண்டிபயாடிக்கை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்தார்கள்; தெளிவாகத் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்தவில்லை. இரண்டு பூனைகளும் சில வாரங்களில் பழையபடி ஒரே நாற்காலியில் படுத்தன.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதலாவது கருத்தடை. சூலகங்களும் கருப்பையும் இல்லாத பூனைக்கு இந்த நோய்க்கு வழியில்லை. சூலகத் திசு மிச்சம் இருந்தால் மட்டும், வெட்டியபின் எஞ்சிய கருப்பையின் அடிப்பகுதியில் அரிதாக வரலாம். 5 மாத வயதுக்குள் செய்வதைப் பல கால்நடை மருத்துவர் அமைப்புகள் இன்று ஆதரிக்கின்றன. ஹீட்டை நிறுத்தும் மாத்திரையைக் கருத்தடைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே குமட்டல் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். வலி மருந்தும் ஆண்டிபயாடிக்கும் பையில் இருந்தன. வயிற்றைப் பற்றி இரு தரப்பிலும் யாரும் பேசவில்லை. பூனை எவ்வளவு சாப்பிட்டால் போதும், எவ்வளவுக்குக் குறைந்தால், எத்தனை மணி நேரத்தில் திரும்பி வர வேண்டும் என்பதை எண்ணாகவே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் ஒரு எடை பார்க்கும் கருவி இருந்திருந்தால் வயிறு பெருத்து முதுகு இளைத்த விஷயமும் முன்பே பிடிபட்டிருக்கும். இப்போது மாதம் ஒருமுறை இரண்டு பூனைகளையும் நிறுக்கிறார்கள். தடவும்போது முதுகெலும்பையும் சேர்த்துத் தடவிப் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு.

இளம் பூனைக்கு அடுத்த ஹீட்டுக்குக் காத்திருக்காமல் கருத்தடை செய்துவிட்டார்கள். காலையில் கொண்டுபோய் மாலையில் அழைத்து வந்தார்கள். இந்த முறை மகள் அழைத்து வந்த கையோடு அதைத் தனி அறையில் விட்டார். இரண்டின் படுக்கைத் துணிகளையும் முதல் நாளே மாற்றிப் போட்டு வைத்திருந்தார்.